ஆர்மர் கிளாஸை எடுத்துவிட்டு, கவசம் டேமேஜைக் குறைக்கிற மாதிரி மாற்றினால் சண்டை இன்னும் இழுக்குமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற மேசை விளையாட்டின் 5-ஆம் பதிப்பை ஐந்து பிளேயர்களுக்கு டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக இருந்து நடத்துகிறீர்கள். அவர்களில் ஒருவருக்கு ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படத் தாக்குபவரின் 20 முகப் பகடையும் அவரது கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், பிடிக்கவில்லை. இரும்புக் கவசம் போட்டவன் மேல் அடி விழாமலே போவானேன், விழட்டும், கவசம் டேமேஜைக் குறைக்கட்டும், தலையில் பட்டதா காலில் பட்டதா என்பதற்கும் ஒரு பகடை ரோல் வைக்கலாம் என்கிறார். ஏற்கெனவே ஒரு சண்டை ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறதே, இதையும் சேர்த்தால் தாங்குமா என்பது உங்கள் கவலை. எது நிஜத்துக்குப் பக்கம் என்று நீங்கள் கேட்டிருந்தாலும், உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது மேசையில் நேரம் எங்கே கரைகிறது, கவச விதி அதில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, 9-இலிருந்து 3-ஐக் கழிப்பது யாரையும் தாமதப்படுத்துவதில்லை. தாமதம் மூன்று வழியில் வருகிறது. ஒரே வீச்சுக்குள் பேச்சு எத்தனை முறை கைமாறுகிறது என்பது முதலாவது. "17, படுமா?" "படும்." "8 டேமேஜ்." இங்கே பேச்சு இரண்டு முறை போய் வருகிறது. இதன் நடுவே எதிராளி தடுக்க ஒரு ரோல், இடம் பார்க்க ஒரு ரோல், "கையில் என்ன போட்டிருக்கிறான்?" என்று ஒரு கேள்வி என்று சேர்ந்தால் ஐந்தாறு முறை ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் போனிலிருந்து தலை நிமிர்ந்தாக வேண்டும். இரண்டாவது, தேடிப் பார்க்கும் வேலை. கேரக்டர் ஷீட்டில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே எண்ணென்றால் கண் உடனே போய்விடும். இடத்துக்கு இடம், ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் எண்ணென்றால் ஷீட்டைப் புரட்ட வேண்டியதுதான். மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் அதுதான் பெரியது: எதையுமே மாற்றாத வீச்சுகள். பகடை உருட்டி, கூட்டி, சொல்லி, கடைசியில் "ஒன்றும் ஆகவில்லை" என்று முடியும் டர்ன் ஒவ்வொன்றும் சண்டையை அப்படியே இன்னொரு சுற்றுக்கு நீட்டுகிறது.

ஆர்மர் கிளாஸின் பலம் முதல் இரண்டிலும் இருக்கிறது. லெதர் (தோல் கவசம்) 11 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) 16, பிளேட் (இரும்புத் தகட்டுக் கவசம்) 18, கேடயத்துக்கு 2. எல்லாக் கூட்டலும் ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. சண்டையில் மிஞ்சுவது ஒரே ஒப்பீடு. இந்த முன்கூட்டிய கணக்குக்காகத்தான் அது நிஜத்தை விட்டுக்கொடுக்கிறது.

அது விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பிடிக்க நடந்த முயற்சிகளின் கதை உங்களுக்குப் பயன்படும். 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில், எந்த ஆயுதம் எந்தக் கவசத்துக்கு எதிராக எவ்வளவு உருட்ட வேண்டும் என்று ஒரு அட்டவணை இருந்தது. 1974-இன் முதல் டி அண்ட் டி அதற்கு மாற்றாக 20 முகப் பகடையை வைத்தது, எல்லாரும் மாற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1978-இல் அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஆயுதத்துக்கு எதிரான கவசத் திருத்தங்களை மறுபடி கொண்டுவந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அட்டவணையைப் பார்க்க வேண்டியிருந்ததால் பெரும்பாலான மேசைகள் அதைத் தாண்டிப் போயின. 1989-இன் இரண்டாம் பதிப்பில் அது வெட்டு, குத்து, மொத்து என்ற மூன்று வகையாகச் சுருங்கி, விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியானது. 2000-இல் மூன்றாம் பதிப்பு அதைக் கைவிட்டு, பதிலுக்கு ஒவ்வொரு கேரக்டருக்கும் மூன்று ஆர்மர் கிளாஸ் கொடுத்தது: சாதாரணம், தொட்டாலே போதும் என்கிற டச், சுதாரிக்காத நேரத்துக்கான ஃபிளாட் ஃபுட்டட். "எந்த எண்ணைச் சொல்லட்டும்?" என்ற கேள்வி அத்துடன் மேசைக்கு வந்தது. 2008-இன் நாலாம் பதிப்பிலேயே டச் போய்விட்டது. மூன்றாம் பதிப்பின் வாரிசான பாத்ஃபைண்டரும் 2019-இல் தன் இரண்டாம் பதிப்பில் அதை விட்டது. ஒரே கவசத்துக்குச் சூழ்நிலையைப் பொறுத்துப் பல எண்கள் என்ற யோசனை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, திரும்பத் திரும்ப உதிர்ந்தும் இருக்கிறது.

இப்போது உங்கள் நண்பர் கேட்கும் டேமேஜ் குறைப்பு. இதில் கழித்தலைவிடப் பெரிய சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. கவசம் 3 குறைக்கிறது என்று வையுங்கள். 4 முகப் பகடைக் கத்தியின் சராசரி 2.5. கவசத்தைத் தாண்டியபின் 0.25, அதாவது நாலு முறை பட்டால் ஒரு புள்ளி. 8 முகப் பகடை வாளின் 4.5 சராசரி 1.875 ஆகிறது. 12 முகப் பகடைக் கோடரியின் 6.5 சராசரி 3.75-இல் நிற்கிறது. கவசமில்லாதபோது கோடரி கத்தியைப் போல 2.6 மடங்கு. கவசம் வந்ததும் 15 மடங்கு. ஆர்மர் கிளாஸில் இந்தக் கோணல் கிடையாது. தாக்குபவருக்கு கூட்டல் 5 இருந்தால் 13-க்கு எதிராக 65 சதவீதம் படும், 16-க்கு எதிராக 50 சதவீதம். கத்தியோ கோடரியோ இழப்பு ஒரே விகிதம்தான். எனவே கழித்தல் முறைக்குப் போனால் சிறிய ஆயுதக்காரர்களின் டர்ன்கள் வெற்று டர்ன்களாகும். இரண்டு கத்தி வீசுகிறவர், கையால் பல முறை குத்தும் மங்க், கூட்டமாக வரும் குட்டி எதிரிகள் என்று அதிக வீச்சு, குறைந்த டேமேஜ் உள்ளவர்கள்தான் மேசையில் அதிகப் பகடை உருட்டுகிறவர்களும். நேரம் அங்கேதான் வீணாகும்.

5-ஆம் பதிப்பின் எண்களிலேயே போட்டுப் பார்க்கலாம். பிளேட் போட்ட வீரனுக்கு ஆர்மர் கிளாஸ் 18-ஐ எடுத்துவிட்டு 10 கொடுத்து, கவசம் 4 குறைக்கும் என்று விதி செய்கிறீர்கள். 2014 புத்தகத்தில் காப்ளின் என்ற குட்டி எதிரிக்குத் தாக்குதல் கூட்டல் 4, டேமேஜ் ஒரு 6 முகப் பகடை கூட்டல் 2. பழைய விதியில் அது 35 சதவீதம்தான் படும், வீச்சுக்குச் சராசரி 1.9 புள்ளி. புது விதியில் 75 சதவீதம் படும், ஆனால் 4 குறைந்து சராசரி 1.25. வீரனுக்கு லாபம். அதே வீரன் முன்னால் ஹில் ஜயண்ட் என்ற ராட்சதன் வரட்டும்: கூட்டல் 8, மூன்று 8 முகப் பகடை கூட்டல் 5. பழைய விதியில் 55 சதவீதம் பட்டு வீச்சுக்கு 10.2. புது விதியில் 1 விழுந்தால் மட்டும் தப்பும், 4 குறைத்தபிறகும் 13.8. கிரிட்டிக்கலை, அதாவது 20 விழுந்தால் கூடும் டேமேஜை, இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன், சேர்த்தாலும் போக்கு மாறாது. காப்ளின் கூட்டத்துக்கு நடுவே உலா போகலாம், பெரிய எதிரியிடம் கவசம் இல்லாதவன் மாதிரி அடி வாங்கலாம். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு மான்ஸ்டரின் பலமும் இப்படி நகர்ந்துவிடும், எந்தச் சண்டை எவ்வளவு கடினம் என்ற உங்கள் மதிப்பீடும் கூடவே போகும். 2014 பதிப்பில் ஹெவி ஆர்மர் மாஸ்டர் என்ற ஃபீட் (கேரக்டர் எடுத்துக்கொள்ளும் தனிச்சலுகை) 3 குறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 18-ஐ எடுத்துவிடாமல் அதன்மேல் ஒரு சலுகையாக, அதுவும் மாயமில்லாத ஆயுதங்களுக்கு மட்டும் வருவதால் தாங்குகிறது.

அடி விழும் இடத்தைத் தனியாகப் பார்க்கும் விதிக்கு 1978-இல் வந்த ரூன்க்வெஸ்ட் என்ற ஆட்டம் நல்ல உதாரணம். திறமைக்குக் கீழே நூற்றுக்குள் ஒரு ரோல், எதிராளி தடுக்க இன்னொரு ரோல், டேமேஜ், பிறகு 20 முகப் பகடையில் இடம்: 1 முதல் 4 வரை வலது கால், 5 முதல் 8 வரை இடது கால், 9 முதல் 11 வரை வயிறு, 12 மார்பு, 13 முதல் 15 வரை வலது கை, 16 முதல் 18 வரை இடது கை, 19, 20 தலை. அந்த இடத்தின் கவசத்தைக் கழித்து, அந்த இடத்தின் ஹிட் பாயிண்டிலும் (உயிர்ப் புள்ளி) மொத்தத்திலும் குறைக்க வேண்டும். ஆளுக்கு ஏழு இடம், ஆறு எதிரிகள் என்றால் உங்கள் தாளில் 42 கட்டங்கள். ரூன்க்வெஸ்ட் நடத்துகிறவர்கள் எதிரிகளுக்கு முன்கூட்டியே தாள் தயாரித்து வைப்பது இதனால்தான். தயாரிக்காமல் திடீரென்று வழிப்பறிக் கும்பலை இறக்கினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். காலில் நன்றாகப் பட்டவன் விழுந்துவிடுவான், கையில் பட்டவன் ஆயுதத்தை விட்டுவிடுவான். டி அண்ட் டி-யில் கடைசி ஹிட் பாயிண்ட் வரை முழு பலத்தோடு நிற்கும் எதிரி, இங்கே பாதியிலேயே சண்டையை விட்டு வெளியேறுகிறான். ஒரு வீச்சுக்கு நேரம் அதிகம், சண்டைக்கு வீச்சுகள் குறைவு. இடம் பார்க்கும் விதியை மட்டும் எடுத்து, கை கால் போகும் விளைவை விட்டுவிட்டால் செலவு மட்டும் வரும், வரவு வராது. வீட்டு விதி, அதாவது தாங்களே சேர்க்கும் விதி, செய்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

இடத்துக்குத் தனி ரோல் வேண்டாம் என்று வார்ஹேமர் ஃபேன்டசி ஒரு அழகான வழி வைத்தது. தாக்குதலுக்கு உருட்டிய எண்ணைத் திருப்பிப் படிக்க வேண்டும். 27 உருட்டினால் 72, உடம்பு. எல்லாம் ஒரே ரோலில் முடிகிறது. ஆனால் அதன் இரண்டாம் பதிப்பு வேறு பள்ளத்தில் விழுந்தது. தாக்குபவரின் வலு டேமேஜோடு கூடும், கவசத்தோடு எதிராளியின் உடல்வலுவும் அதைக் குறைக்கும். வலு 3 உள்ளவன் சாதாரண வாளோடு, உடல்வலு 3, முழு பிளேட்டுக்கு 5 உள்ளவனைத் தாக்கினால் மிஞ்சுவது 10 முகப் பகடை கழித்தல் 5. பாதி அடிகளுக்கு ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்கும் மனிதக் கேரக்டரின் ஆயுதத் திறமை சராசரி 31. ஆக, குறிபார்ப்பது போன்ற சலுகைகள் இல்லாவிட்டால் நூறு வீச்சில் பதினைந்தோ பதினாறோதான் உறைக்கும், எதிராளி தடுப்பதையும் சேர்த்தால் அதுவும் குறையும். பிளேயர்கள் இதை 'சும்மா காற்றில் வீசுகிறோம்' என்பார்கள், சரிதான்.

கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் தாக்க மூன்று பகடை, தற்காக்க மூன்று பகடை, பிறகு டேமேஜ், கவசக் கழிவு, ஆயுத வகைக்கேற்ற பெருக்கல். இதில் வரிசை முக்கியம்: கழித்தபிறகுதான் பெருக்க வேண்டும். 8 வெட்டு டேமேஜ், கவசம் 4 என்றால் மிஞ்சும் 4-ஐ ஒன்றரையால் பெருக்கி 6. அவசரத்தில் முதலில் பெருக்கிவிட்டு 12-இல் 4 போக 8 என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, கவசத்தின் மதிப்பே அதில் குறைந்துவிடும். ரோல்மாஸ்டர் நேரெதிர். அதில் 20 கவச வகை, ஆயுதத்துக்கு ஒரு பக்க அட்டவணை, பெரிய அடிக்கு இன்னொரு கிரிட்டிக்கல் அட்டவணை. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் உருட்டுவது பெரும்பாலும் இரண்டு முறைக்குள், டேமேஜிலிருந்து கவசத்தைக் கழிக்கும் வேலை கிடையாது. ஒவ்வொரு பிளேயரும் தன் ஆயுதத்தின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டால் ஓரளவு ஓடும். ஒரே புத்தகம் மேசையைச் சுற்றி வந்தால் ஓடாது.

வேகமாக ஓடும் கவசக் கழிவு விதிகளும் இருக்கின்றன, அவை எல்லாமே எங்கோ ஒன்றை வெட்டி எறிந்தவை. 2014-இல் வந்த இன்டு தி ஆட் என்ற ஆட்டத்தில் தாக்குதல் ரோலே கிடையாது. நேராக டேமேஜ் பகடையை உருட்டி, கவசத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். பலர் ஒருவனைத் தாக்கினால் எல்லாரும் உருட்டி, பெரிய எண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கவசம் 3-க்கு மேல் ஏறாது. அந்த வரம்பை ஏற்றினால் மேலே சொன்ன கத்திக் கதை இங்கேயும் வந்துவிடும். சாவேஜ் வேர்ல்ட்ஸ் கவசத்தை டஃப்னஸ் என்ற எண்ணோடு முன்கூட்டியே சேர்த்துவிடுகிறது. மேசையில் கழித்தல் இல்லை, டேமேஜ் அந்த எண்ணை எட்டியதா என்ற ஒப்பீடுதான். சாதாரண எதிரிகளுக்கு ஹிட் பாயிண்டும் கிடையாது: நிற்கிறான், தடுமாறுகிறான், விழுந்தான். உச்ச எண் விழுந்த பகடையை மறுபடி உருட்டிக் கூட்டலாம் என்பதால், எவ்வளவு தடித்த கவசத்தையும் ஒரு கத்தி என்றாவது துளைத்துவிடும். என் பார்வையில் கவசம் அடியைத் தாங்கும் உணர்வையும் வேகத்தையும் சேர்த்துப் பிடித்த விதிகளில் இதுதான் சுத்தமானது. மோர்க் போரி கவசத்துக்கே ஒரு பகடை கொடுக்கிறது, லேசானதற்கு 2, நடுத்தரத்துக்கு 4, கனமானதற்கு 6 முகம். உருட்டச் சுவையாக இருக்கும், ஆனால் அடிக்கு ஒரு ரோல் கூடுகிறது. பிளேயர்கள் மட்டுமே தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் உருட்டும் ஆட்டம் என்பதால் அங்கே பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் நண்பரின் நிஜவாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல பிளேட் கவசத்தை வாளின் வெட்டு கிழிக்காது, சறுக்கிப் போகும். அதைப் போட்டவனை வீழ்த்த அக்குள், முகமூடி இடுக்கு போன்ற இடைவெளியைத் தேடிக் குத்த வேண்டும், இல்லையென்றால் கனமான ஆயுதத்தால் மொத்த வேண்டும். ஆக 'பட்டால் முழுசாக, இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்ற ஆர்மர் கிளாஸ் பிளேட்டுக்கு அவ்வளவு பொய்யில்லை. சங்கிலிக் கவசத்தின் மேல் விழும் மொத்து, அடியில் தைத்த திண்டு உடுப்பு வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சி, இவற்றுக்குத்தான் கழித்தல் முறை கூடப் பொருந்தும். இரண்டுமே பாதி உண்மை.

இதுவரை சொன்ன சதவீதங்கள் வெறும் கணக்கு, யார் போட்டாலும் இதே விடைதான் வரும். இனிச் சொல்வது அனுபவ மதிப்பீடு, உங்கள் மேசைக்கு மேசை மாறும். ஒரு மணி நேரச் சண்டையில் கவச விதியின் பங்கு சிறியது. "நான் என்ன செய்யட்டும்" என்ற யோசனையும் மந்திரங்களைத் தேடுவதும்தான் பெரும்பங்கைத் தின்னும். ஆகவே முதலில் இருக்கும் விதியிலேயே கசிவை அடைத்துவிடுங்கள். ஐந்து பேரின் ஆர்மர் கிளாஸையும் ஒரு அட்டையில் எழுதி உங்கள் முன்னால் நிற்கும் மறைப்பு ஸ்கிரீனின் உட்புறம் ஒட்டுங்கள், கேட்கவே வேண்டாம். தாக்குதல் பகடையையும் டேமேஜ் பகடையையும் சேர்த்தே உருட்டச் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றில் எதிரியின் ஆர்மர் கிளாஸை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், "17, படுமா" என்ற கேள்வியே போய்விடும். எதிரியின் டேமேஜுக்கு 2014 மான்ஸ்டர் மேனுவலில் அச்சிட்டிருக்கும் சராசரியையே எடுங்கள், காப்ளினுக்கு 5, ஆர்க்கின் கோடரிக்கு 9. ஷீல்டு மந்திரம் வைத்திருக்கும் விஸார்டு இருந்தால் மட்டும் ஒரு சிக்கல்: பட்டது என்று தெரிந்தபிறகுதான் அவர் அது ஆர்மர் கிளாஸுக்குத் தரும் கூட்டல் 5-ஐப் பயன்படுத்துவார், எனவே அவரைத் தாக்கும்போது டேமேஜ் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அவர் ஒருவருக்கு மட்டும் நிறுத்துங்கள், ஐந்து பேருக்கும் வேண்டாம்.

எதிரிகளின் ஆர்மர் கிளாஸை உயர்த்தும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். 15 ஹிட் பாயிண்ட் ஆர்க்கை, கூட்டல் 5 தாக்குதலும் 8 முகப் பகடை கூட்டல் 3 டேமேஜும் உள்ள வீரன் வீழ்த்தச் சராசரி இரண்டரை அடி பட வேண்டும். புத்தகத்தில் உள்ள 13-க்கு எதிராக அதற்கு ஏறக்குறைய நாலு வீச்சு. அதே ஆர்க்குக்கு பிளேட் போட்டு 18 ஆக்கினால் ஆறு வீச்சு. கனமான எதிரி வேண்டுமென்றால் கவசத்தைக் கூட்டி ஹிட் பாயிண்டைக் குறையுங்கள், நேரம் சமனாகும்.

நண்பரின் ஆசைக்கு ஒரு கவச விதி கொடுக்கலாம், எண்களைத் தொடாமல். கேடயம் வைத்திருப்பவர் அதை உடையக் கொடுத்து ஒரு அடியின் டேமேஜை முழுதாகத் தடுக்கலாம். பழைய பாணி ஆட்டக்காரர்களிடையே இது நெடுநாள் புழங்கும் வீட்டு விதி. கனக் கவசக்காரர் ஒரு சண்டையில் ஒரு முறை, தன்மேல் விழுந்த ஒரு கிரிட்டிக்கலைச் சாதாரண அடியாக மாற்றலாம். எல்லாக் கிரிட்டிக்கலையும் அப்படி மாற்றும் அடமன்டைன் கவசம் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, இது அதன் சிறு துண்டு. ஷீட்டில் ஒரு கட்டம் வரைந்து டிக் செய்தால் போதும், கழித்தலும் இல்லை, தேடலும் இல்லை. கவசம் தன் உயிரைக் காத்தது என்பது பிளேயருக்குக் கண்ணில் தெரியும், அதைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன். மாயக் கேடயம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். கடையில் கேடயம் 10 பொன்தான் என்பதால் கழுதை மேல் எட்டுக் கேடயம் ஏற்றிக்கொண்டு வருவார்கள், கையில் மாட்ட ஒரு ஆக்‌ஷன் செலவாகும் என்ற புத்தக விதியைக் கறாராகப் பிடித்தால் அது கட்டுக்குள் நிற்கும்.

இதற்குமேலும் முழுக் கழிவு முறைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், 5-ஆம் பதிப்பைப் பிரித்து மேய வேண்டாம். அதற்கென்றே செய்த ஆட்டம் ஒன்றை எடுத்து இரண்டு வாரம் நடத்துங்கள்: வேகம் வேண்டுமென்றால் சாவேஜ் வேர்ல்ட்ஸ், கை கால் கணக்கு வேண்டுமென்றால் ரூன்க்வெஸ்ட். எப்படியும் 5-இலேயே மாற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், பட்ட அடி குறைந்தது 1 புள்ளியாவது எடுக்கும் என்ற வரியைச் சேருங்கள், குறைப்பை 3-க்கு மேல் விடாதீர்கள், தற்போதைய கதையில் இறக்குமுன் ஐந்து பிளேயர், ஆறு காப்ளின் என்று ஒரு ஒத்திகைச் சண்டை போட்டு, ஒன்றும் ஆகாமல் முடிந்த டர்ன்களை ஒரு தாளில் கோடு கிழித்து எண்ணுங்கள். அதே சண்டையைப் பழைய விதியில் ஓட்டி எண்ணியதைவிட அது கூடினால் விதியைக் கைவிடுங்கள். ஆன்லைனில், ஃபவுண்ட்ரி மாதிரியான விர்ச்சுவல் மேசையில் ஆடுகிறீர்கள் என்றால் கழித்தலையும் இடம் பார்ப்பதையும் கணினியே செய்யும்படி அமைக்கலாம், அப்போது தேடல் செலவு போய்விடும். வெற்று டர்ன்களின் செலவு அங்கேயும் அப்படியேதான் இருக்கும்.